பெயர் எழுதாத இடம்

அத்தியாயம் 14

சர்தார் இறந்து எழுபத்தெட்டு நாள் ஆகியிருந்தது. அந்த எழுபத்தெட்டு நாளும் ஜாஹிதா பேகம் உள் அறையை விட்டு வெளியே வரவில்லை. கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். அந்நிய ஆண்களின் எதிரில் வரக் கூடாது, வாசற்படி இறங்கக் கூடாது. அவள் அதைக் குறையாக நினைக்கவில்லை. உட்கார்ந்து அழுவதற்கு அவளுக்கும் கொஞ்ச நாள் வேண்டியிருந்தது.

ஆனால் விற்பனை வரி ஆபீசுக்கு இத்தா ஏது?

போன வாரம் அங்கிருந்து வந்த நோட்டீசை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். செஞ்சியில் சர்தார் நடத்திவந்த மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய் ஆலை, ஆபீஸ் ரிக்கார்டுப்படி இன்னும் அண்ணன் தம்பி இருவர் பேரில்தான் இருக்கிறதாம். அண்ணன் காலமாகிவிட்டதால் லைசென்சைத் தன் ஒருவன் பேருக்கு மாற்றித் தரும்படி தம்பி சாந்த் பாஷா மனுக் கொடுத்திருக்கிறான். ஆட்சேபணை இருந்தால் திங்கட்கிழமை பகல் பதினோரு மணிக்குத் திண்டிவனத்துக்கு அத்தாட்சியோடு வந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆலை சாந்த் பாஷாவுக்கு. ஜாஹிதாவும் அவள் மகள் சாகிராவும் என்ன செய்வார்கள் என்று எந்த நோட்டீசிலும் எழுதியிருக்காது.

ஆட்சேபணை பலமாகவே இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன், ஐம்பத்தேழில், சாந்த் பாஷா தன் பங்கை வாங்கிக்கொண்டு ஆலையிலிருந்து விலகிவிட்டான். விலகல் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டான். அந்தப் பணத்தில் லாரி வாங்கினான், லாரி அவனைக் கவிழ்த்தது. அண்ணன் தம்பிக்குள் நடந்ததுதானே என்று நினைத்து, ஆபீசில் சொல்லி ரிக்கார்டைத் திருத்தாமல் விட்டது சர்தார் செய்த முட்டாள்தனம். இறந்தவரைத் திட்டி இப்போது என்ன ஆகப்போகிறது?

அந்தப் பத்திரம் கணக்குப்பிள்ளை ரங்கநாதனின் இரும்புப் பெட்டியில் இருந்தது. சர்தாருக்கு இருபத்திரண்டு வருஷம் கணக்கு எழுதியவர் அவர். கண்ணில் புரை விழுந்ததால், சர்தார் இருக்கும்போதே வேலையை விட்டுவிட்டு அனந்தபுரத்தில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு சர்தார் பேசி வைத்திருந்த ஆள் ராஜாராம். ஊருக்கு வெளியே, தாழ்த்தப்பட்டோர் வாழும் செஞ்சிக் காலனியிலிருந்து பி.காம். வரை படித்த முதல் பிள்ளை, மெட்ராசில் ஓர் ஆடிட்டரிடம் மூன்று வருஷம் வேலை பழகியவன்.

முறை தெரிந்தவன் ராஜாராம். பழைய கணக்கரைக் கேட்காமல் புதியவன் பேரேட்டைத் தொடக் கூடாது என்பது மெட்ராசில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். ஆகவே போன மாதமே ரங்கநாதனுக்கு ஒரு கடிதம் எழுதினான். இந்த வேலையை நான் ஏற்பதில் தங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று ஆரம்பித்து, ஏழு விஷயம் கேட்டிருந்தான். நாலாவது, அந்த விலகல் பத்திரம். முதலாளியின் அனுமதி இல்லாமல் பழையவர் எதையும் தர மாட்டார், தரவும் கூடாது. அதனால் கடிதத்தின் அடியில் ஜாஹிதா கையெழுத்துப் போட்டாள்.

அந்தக் கடிதத்தைக் கொண்டுபோனவன் சாந்த் பாஷா. அப்போது நோட்டீசும் வரவில்லை, அவன்மேல் சந்தேகமும் வரவில்லை. ஒன்பது பேரேட்டைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வேறு பத்திரம் எதுவும் தன்னிடம் இல்லை என்று ரங்கநாதன் சொல்லிவிட்டதாகச் சொன்னான்.

நோட்டீசு வந்த அன்றே ராஜாராம் இன்னொரு கடிதத்தைத் தபாலில் போட்டான். சனிக்கிழமை காலை பதில் கார்டு வந்தது. ராஜாராம் பேருக்கு அல்ல, ஜாஹிதா பேருக்கு. சாகிரா உள் அறைக் கதவோரம் நின்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள்.

'தாங்கள் கேட்டவை யாவும் தங்கள் கடிதப்படி சென்ற மாதம் 28-ந் தேதியே ஒப்படைக்கப்பட்டுவிட்டன.' அவ்வளவுதான். சௌக்கியம் விசாரித்து ஒரு வரிகூட இல்லை.

இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார். யார் என்று தெரிந்துகொள்ள மிச்சம் இருந்தது இரண்டு நாள்.

போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்றாள் சாகிரா. பத்தொன்பது வயது, எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். வயசுப் பெண்ணைத் தனியாக பஸ் ஏற்ற ஜாஹிதாவுக்கு மனம் ஒப்பவில்லை. கடைசியில், சர்தாரின் அக்கா மெஹபூப் பீயைத் துணைக்குக் கூட்டிப் போவதென்று முடிவாயிற்று. அவளும் விதவைதான், பிள்ளை இல்லை. தாய் போன பிறகு தம்பிகள் இருவரையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். இப்போது இருப்பது சின்னவன் சாந்த் பாஷா வீட்டில். பகலில் இங்கே வந்து ஜாஹிதாவுக்குத் துணையாக உட்கார்ந்திருப்பாள், பொழுது சாய அங்கே போய்விடுவாள்.

"இன்னாத்துக்கு இப்ப அவ்ளோ தூரம்? அவருக்குத்தான் கண்ணு தெரியலியே," என்றாள் மெஹபூப் பீ.

"வாய் இருக்குது இல்ல, குப்பி," என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டே சாகிரா செருப்பை மாட்டினாள்.

மெஹபூப் பீ வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். ராஜகிரி மலை பின்னால் போய், மல்லாட்டைக் கொல்லைகள் வந்து, அனந்தபுரம் வருகிறவரை மெஹபூப் பீ தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். வாந்தி வருகிறதா என்று சாகிரா இரண்டு தடவை கேட்டாள். குப்பி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

ரங்கநாதன் கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. மருமகள் சாமுண்டீஸ்வரி வந்தவர்களுக்குப் பாய் விரித்து மோர் கொண்டுவந்து வைத்தாள். சாகிரா தான் யார் என்று சொன்னதும் பெரியவர் முகம் கடுத்தது. உங்கள் வீட்டிலிருந்து ஆள் வந்து, கடிதம் வந்து, மறுபடி ஆள் வந்து ஒரே விஷயத்தை எத்தனை தடவை கேட்பீர்கள் என்றார். தன்னைத் திருடன் என்று நினைத்துவிட்டார்களோ என்று அவருக்குக் கோபம். இருபத்திரண்டு வருஷத்தில் கணக்கில் ஒரு காலணா இடித்ததில்லை.

திருடன் என்று யாரும் நினைக்கவில்லை, அந்தப் பத்திரம் எங்கள் கைக்கு வரவில்லை, அதுதான் கேட்க வந்தேன் என்றாள் சாகிரா.

"வரலியா? எங்கையால எடுத்துக் குடுத்தேனே பாப்பா. துணியில சுத்தி, மேல நூல் கட்டி."

"யாருகிட்ட?"

"லெட்டர்ல யார் பேர் இருந்துச்சோ அவருகிட்ட. சின்ன பாய்கிட்ட."

கடிதத்தைக் காட்டச் சொன்னாள். சாமுண்டீஸ்வரி பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். ராஜாராமின் முத்து முத்தான எழுத்து, நீல மசி. ஏழு கேள்வியும் வரிசையாக இருந்தன. முடிவில், 'மேற்படி கணக்குகளையும் பத்திரங்களையும் இக்கடிதம் கொண்டுவரும் திரு.' என்று எழுதி, கொஞ்சம் இடம் விட்டு, 'வசம் ஒப்படைக்க வேண்டுகிறேன்' என்று முடித்திருந்தான். கீழே அம்மாவின் கையெழுத்து.

விட்ட இடத்தில் வேறொரு கை, ஊதா மசியில், 'சாந்த் பாஷா' என்று சாய்த்து எழுதியிருந்தது. அது சாச்சாவின் எழுத்து. தன் சித்தப்பா எழுதுவதைச் சாகிரா சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறாள்.

அவள் மசி வித்தியாசத்தைச் சொன்னாள். எழுத்து வித்தியாசத்தைச் சொன்னாள். பெரியவர் மருமகள் இருந்த பக்கம் திரும்பினார். நீங்க பேரைப் படின்னு சொன்னீங்க மாமா, படிச்சேன், மசி இன்னா கலருன்னு கேக்கலியே என்று சாமுண்டீஸ்வரி தழுதழுத்தாள். அவள் மேலும் தப்பு இல்லை.

"இரு இரு. ரசீது வாங்கி வச்சிருக்கேன். நான் வாயால சொல்லச் சொல்ல அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. பேரேடு ஒம்பது, வரி ரசீது ஒரு கட்டு, விலகல் பத்திரம் ஒண்ணு. எடுத்துப் படி."

சாகிரா படித்தாள். "பேரேடு ஒம்பது. பெற்றுக்கொண்டேன். சாந்த் பாஷா."

"அப்புறம்?"

"அவ்ளோதாங்க."

"கீழ பாரு."

"கீழ ஒண்ணும் இல்லீங்க."

ரங்கநாதன் கையை நீட்டி அந்தக் காகிதத்தை வாங்கினார். விரலால் தடவிப் பார்த்தார், எழுத்து விரலுக்குத் தெரியுமா? கண் போன பிறகும் தன் வேலையில் ஓட்டை விழவில்லை என்று நினைத்திருந்த மனிதர். அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் சொல்வதை எழுதுவதுபோலப் பேனாவை ஓட்டி, ஒருவன் ஏமாற்றிவிட்டுப் போயிருக்கிறான். சாகிராவுக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

கொஞ்சம் ஆறியதும் அவர் கோபம் வேறு பக்கம் திரும்பியது. லெட்டரில் ஏன் இடம் விட்டான் அந்தப் பையன், அவன் பேரையே எழுதியிருந்தாலும் நான் கொடுத்திருப்பேனே, பெரிய பாய் வைத்த ஆள்தானே என்றார். கொடுத்திருப்பாரா? சாகிராவுக்கு நிச்சயமில்லை. இப்போது சொல்வதில் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

திங்கட்கிழமை திண்டிவனம் வந்து நடந்ததைச் சொல்வீர்களா என்று கேட்டாள்.

"கைய புடிச்சி கூட்டிக்கினு போனா வர்றேன். ஆனா நான் ஒரு ஆளு சொல்லி இன்னா ஆவும்? ரசீதுல ஒம்பது பேரேடுன்னு இருக்குது. குருடன் பேச்சா, கையெழுத்தான்னு கேட்டா ஆபீசரு எதை எடுத்துக்குவாரு?" என்றவர், ஏதோ நினைவு வந்து நிமிர்ந்தார். "பத்திரத்துல சாட்சி ரெண்டு பேரு, பாப்பா. ஒண்ணு நான். இன்னொண்ணு உங்க குப்பி."

சாகிராவுக்குப் புரியவில்லை. எந்தக் குப்பி என்று கேட்டாள்.

"மெஹபூப் பீ அம்மாதான். சின்ன பாய்தான் எங்கக்காவும் சாட்சியா இருக்கட்டும்னு கூட்டிக்கினு வந்தாரு. கைநாட்டு வச்சாங்க. நான்தான் மசி தடவி உட்டேன். பணத்த எண்ணிக் குடுக்கிறப்பவும் பக்கத்துலதான் இருந்தாங்க. நல்லாருக்காங்களா அவங்க?"

அவருக்குத் தெரியாது. மூன்று முழத்துக்கு அப்பால், அதே பாயில், மெஹபூப் பீ மோர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாகிரா திரும்பிப் பார்த்தாள். மெஹபூப் பீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமுண்டீஸ்வரி ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"நல்லாருக்காங்க," என்றாள் சாகிரா.

கடிதத்தையும் ரசீதையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பஸ் வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஏன் குப்பி சொல்லவில்லை என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் தெருவில் நின்று அழுதுவிடுவோம் என்று பயந்து, வீடு வருகிறவரை சாகிரா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் ராஜாராம் காத்திருந்தான். முன் அறையில் அவன், திரைக்கு அந்தப் பக்கம் ஜாஹிதா. கடிதத்தை அவன் கையில் கொடுத்தாள் சாகிரா. ஊதா மசியைப் பார்த்தவுடன் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

இந்தத் தப்பை மெட்ராஸ் ஆடிட்டர் எவனும் செய்திருக்க மாட்டான். வாங்கிக்கொள்கிறவன் பேரை எழுதாமல் ஒப்படைப்புக் கடிதம் கொடுக்கக் கூடாது என்பது ராஜாராமுக்கும் தெரியாததில்லை. தெரிந்தேதான் விட்டிருந்தான். ஏன் என்று திரைக்குள்ளிருந்து ஜாஹிதா கேட்டாள்.

"எம் பேர எழுத கை வரலம்மா. அவரு ஊட்டுக்கு நான் போனா தெருவுல நின்னுதான் பேசணும். எம் பேர பாத்தா பொட்டிய தொறக்க மாட்டாருன்னு நெனச்சேன். யாரு போறாங்களோ அவங்க பேர போட்டுக்கட்டும்னு எடம் உட்டேன்."

கொடுத்திருப்பேன் என்று ரங்கநாதன் சொன்னதைச் சாகிரா சொல்லவில்லை. அது நிஜமானாலும் பொய்யானாலும் இன்றைக்கு அதை அவன் தலையில் போட வேண்டியதில்லை.

"செஞ்சது தப்புதான் தம்பி," என்றாள் ஜாஹிதா. "ஆனா அந்த பயத்த உனக்கு குடுத்தது யாருன்னு எனக்கும் தெரியும். இப்ப இன்னா பண்ணலாம், அத சொல்லு."

ராஜாராம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்கனாகப் பேசினான். பத்திரம் இந்நேரம் அடுப்பில் போயிருக்கும். இனி சாட்சிதான் வழி. ஒரு சாட்சி சொல்லி, எதிரே ரசீது இருந்தால் நிற்காது. இரண்டு சாட்சியும் நேரில் வந்து சொன்னால் ஆபீசர் எழுதிக்கொள்வார். லைசென்சை மாற்றாமல் தள்ளி வைப்பார். இரண்டாவது சாட்சி யார் என்று தெரிய வேண்டும், திங்கட்கிழமைக்குள் அவரைப் பிடிக்க வேண்டும்.

"பிடிக்க வேணாம்," என்றாள் சாகிரா. "இங்கதான் இருக்காங்க."

மெஹபூப் பீ திரையோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு நேரம் யாரும் அவளைப் பார்க்கவில்லை, இப்போது எல்லாரும் பார்த்தார்கள்.

திரை விலகியது. ஜாஹிதா வெளியே வந்தாள். ராஜாராம் பதறி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் அதைக் கவனிக்கவில்லை. நேரே போய் நாத்தனார் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

எழுபத்தெட்டு நாளாக இந்தக் கைதான் ஜாஹிதாவுக்குத் தலை வாரிவிட்டது. அழுதபோது தண்ணீர் கொடுத்தது. நோட்டீசு வந்த அன்று, அவன் அப்படிச் செய்ய மாட்டான்டி என்று ஆறுதல் சொன்னதும் இதே மெஹபூப் பீதான்.

"தெரிஞ்சிக்கினே சும்மா இருந்தீங்களா அக்கா?"

"இருந்தேன்."

"எப்படி மனசு வந்துச்சி?"

மெஹபூப் பீயின் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. பெரியவனை அடக்கம் செய்தாகிவிட்டது, அவனுக்கு இனி ஆலையால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்றாள். சின்னவனுக்குக் கடன் கழுத்து வரை இருக்கிறது, மூன்றும் பெண் குழந்தைகள், எது எப்படி இருந்தாலும் எனக்குச் சோறு போடுகிறவன் என்றாள். ஆலை போனால் ஜாஹிதாவுக்கும் சாகிராவுக்கும் யார் சோறு போடுவார்கள் என்று தினமும் நினைத்தாளாம். நினைத்து நினைத்து விடை கிடைக்காமல் தினமும் எழுந்து போய்விட்டாளாம்.

"ஆபீசுக்கு வந்து நான் சொன்னா, பத்திரத்த திருடினான்னு அவன போலீஸ்ல புடிப்பாங்க இல்ல? ரெண்டு பேரையும் ஒரே இடுப்புலதான்டி தூக்கினேன். ஒருத்தன மண்ணுக்கு குடுத்துட்டேன். இன்னொருத்தன ஜெயிலுக்கு குடுக்கச் சொல்றியா?"

ராஜாராம் சுவரைப் பார்த்தபடியே, போலீஸ் வரை போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல ஆரம்பித்தான். சும்மா இருங்க என்று சாகிரா அவனைத் தடுத்தாள்.

"நீங்க வரலன்னா நான் போறேன்," என்றாள் ஜாஹிதா. "ஊரு இன்னா சொன்னாலும் சரி. சாட்சி யாருன்னு ஆபீசர்கிட்ட நான் சொல்றேன். அவரு ஆள் அனுப்பி உங்கள கேப்பாரு. அப்ப இன்னா சொல்லுவீங்க?"

"கேட்டா பொய் சொல்ல மாட்டேன்," என்றாள் மெஹபூப் பீ. "நானா வந்து சொல்ல மாட்டேன். யாரு கேட்டாலும் பொய் சொல்ல மாட்டேன். அது ஒண்ணுதான் எங்கிட்ட மிச்சம் இருக்குது."

ஜாஹிதாவுக்கு அது போதும்போல இருந்தது. திங்கட்கிழமை வரை நாத்தனாரை இங்கேயே தங்கச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. இராத்திரி இங்கயே படுத்துக்குங்க அக்கா என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டது.

மாலைத் தொழுகைக்கு மக்ரிப் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. வழக்கமாக மெஹபூப் பீ தானாகவே நடந்து போய்விடுவாள், அழைத்துப்போக யாரும் வருவதில்லை. இன்று சாந்த் பாஷாவே வந்திருந்தான். வாசலில் நின்றபடி உள்ளே பார்த்தான். சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கும் ராஜாராம், திரைக்கு வெளியே அண்ணி, அவள் எதிரில் அக்கா. சாகிரா கையிலிருந்த ரசீதை முதுகுக்குப் பின்னால் மறைத்ததை அவன் பார்த்துவிட்டான்.

அண்ணியை அவன் ஒன்றும் கேட்கவில்லை. சாகிராவையும் கேட்கவில்லை.

"காலையிலேந்து காணலியே. எங்க போயிருந்தக்கா?" என்றான்.

சாகிரா குப்பியின் தோளைப் பிடித்து அழுத்தினாள். ஜாஹிதா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மெஹபூப் பீ இரண்டையும் உணர்ந்தாள், தம்பியின் முகத்தையும் பார்த்தாள்.

"அனந்தபுரத்துக்கு," என்றாள்.